கண்டி பக்கம் காணி வாங்கப்போறீங்களா? அட்வான்ஸ் குடுக்க முன்னாடி இத பாருங்க

தோட்டத்து லயத்த (வரிசை வீட்ட) விட்டு வெளிய வந்து ஒரு எட்டு பேர்ச்லயாவது சொந்த வீடு கட்டணும்னு கொழும்பு கடைகள்ல நின்னு சேத்த காசு, அத புரோக்கர் சொல்ற வெலைக்கு அப்படியே தூக்கி குடுத்துறாதீங்க. ஏக்கர் கணக்குல வாங்கிப் போட்டு துண்டு துண்டா பேர்ச் கணக்குல விக்கிறவங்கதான் வெலய ஏத்துறாங்க, ஒரு ஏக்கர்னா 160 பேர்ச், கணக்கு போட்டு பாத்தா லாபம் எங்க போகுதுன்னு வெளங்கும். "அடுத்த மாசம் வெல ஏறிடும்"னு அவசரப்படுத்துனா நீங்க அவசரப்படாதீங்க, பக்கத்துல அண்மையில வாங்குனவங்கக்கிட்ட என்ன வெலன்னு கேளுங்க.

காணி உறுதி (பத்திரம்) சிங்களத்துல இருந்தா வாசிக்கத் தெரிஞ்ச ஆள வச்சு வரிவரியா கேட்டுக்கங்க. விக்கிறவரோட நொத்தாரிஸையே (உறுதி எழுதுற சட்டத்தரணி) நம்பாம வேற ஒருத்தர வச்சு காணிப் பதிவகத்துல 30 வருஷத்துக்கு தேடிப் பாக்கச் சொல்லுங்க, அடமானம், வழக்கு இருந்தா அங்கதான் தெரியும்.

மலைநாட்டுல இதவிட முக்கியம் மண்ணு. நல்ல மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்க, மரமெல்லாம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கா, பக்கத்து வீட்டு செவுத்துல வெடிப்பு இருக்கா, வெட்டுன மண் சரிவுல தண்ணி கசியுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு அறிக்கை கைக்கு வராம ஒரு சதமும் குடுக்காதீங்க, அது இல்லாம வீட்டு பிளான் பாஸ் ஆகுறதும் கஷ்டம்.

முத்திரை வரி, நொத்தாரிஸ் செலவையும் முதல்லயே ஒதுக்கி வைங்க. அட்வான்ஸ கையில குடுக்காம விக்கிறவரோட பேங்க் கணக்குலயே போடுங்க.