காப்பிலெஃப்ட் லைப்ரரியைச் சேர்க்கும் முன் உரிமங்களைப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

பெங்களூரில் அலுவலக வேலை போக மீதி நேரத்தில் தமிழுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதும் ஒருவர், ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளிலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவியொன்றைக் கட்டுப்பாடுகள் குறைந்த எம்ஐடி உரிமத்தில் வெளியிட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கங்களைப் படமாக்க பாப்ளர் லைப்ரரியும் (பிற நிரல்களுக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு), படத்திலுள்ள எழுத்தைப் படிக்க டெசராக்டும் தேவை. பாப்ளர் ஜிபிஎல் உரிமத்திலும் டெசராக்ட் எம்ஐடி போலவே தளர்வான அப்பாச்சி 2.0 உரிமத்திலும் கிடைக்கின்றன. ஜிபிஎல் ஒரு காப்பிலெஃப்ட் உரிமம்; அதாவது, அந்த நிரலை இணைத்து விநியோகிக்கும் படைப்பும் அதே உரிமத்தில் வர வேண்டும் என்று கோருவது.

முதலில், நேரடியாகச் சேர்த்தவை மட்டுமன்றி அவை இழுத்து வரும் லைப்ரரிகளையும் பட்டியலிட வேண்டும். பைத்தான் மொழியில் பிப்-லைசென்சஸ் என்ற கருவி இதைச் செய்யும். ஆனால் தொகுப்பை வெளியிட்டவர் விவரக்குறிப்பில் எழுதியதைத்தான் அது காட்டும் என்பதால், ஐயமுள்ள இடங்களில் மூல நிரலோடு வரும் உரிமக் கோப்பையே திறந்து படிப்பது நல்லது.

அடுத்தது உரிமத்தின் பதிப்பு எண், பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன. அப்பாச்சி 2.0 உரிமத்தின் காப்புரிமை (பேட்டன்ட்) விதிகள் 1991இல் வந்த ஜிபிஎல் 2ஆம் பதிப்பின் பார்வையில் கூடுதல் கட்டுப்பாடுகளாகின்றன; 2007இல் வந்த 3ஆம் பதிப்பு அவற்றை ஏற்கிறது. ஆகவே ‘2ஆம் பதிப்பு மட்டும்’ என்றுள்ள லைப்ரரியை டெசராக்டோடு இணைத்து விநியோகிக்க முடியாது. ‘2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்றிருந்தால் 3ஆம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். பாப்ளர் 2, 3 இரண்டையும் அனுமதிப்பதால் நம் கருவி தப்பிக்கிறது.

பொருத்தம் ஒருவழிப் பாதை. எம்ஐடி, அப்பாச்சி நிரல்கள் ஜிபிஎல் 3க்குள் செல்லலாம், திரும்பி வர முடியாது. நீங்கள் எழுதிய கோப்புகள் எம்ஐடியிலேயே இருக்கலாம் என்றாலும், பாப்ளரோடு இணைத்து நீங்கள் தரும் முழுத் தொகுப்பு ஜிபிஎல் 3இன் கீழ்தான் வரும். இதை ரீட்மீ கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அதை விரும்பாதவர்கள் லைப்ரரியை இணைக்காமல், பாப்ளரின் பிடிஎஃப்டுபிபிஎம் கட்டளையைத் தனி நிரலாக இயக்கிப் படங்களைப் பெறலாம். கட்டளை வரியில் பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்கள் பொதுவாகத் தனித்தனிப் படைப்புகளாகவே கருதப்படுகின்றன; பிடிஎஃப்2இமேஜ் என்ற பைத்தான் லைப்ரரி இப்படித்தான் எம்ஐடியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டளையை உங்கள் இன்ஸ்டாலரில் சேர்த்துக் கொடுத்தால், அதன் மூல நிரலைக் கிடைக்கச் செய்யும் கடமை உங்களைச் சேரும். ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்திலுள்ள லைப்ரரி என்றால், பயனர் தாம் மாற்றியமைத்த பதிப்பை அதனிடத்தில் பொருத்த வழி இருந்தால் போதும். பிடிஎஃப் படிக்கும் இன்னொரு லைப்ரரியான பைமியூபிடிஎஃப் வேகமானதுதான், ஆனால் இலவசமாகக் கிடைப்பது இணையச் சேவைகளுக்கும் பொருந்தும் ஜிபிஎல் வகையான ஏஜிபிஎல் உரிமத்தில் என்பதால், அதை உங்கள் நிரலோடு இணைத்து இணையச் சேவையாக நடத்தினால், பயனர்களுக்கு முழு மூல நிரலையும் தர வேண்டியிருக்கும்.

இந்த ஊரில் பெரும்பாலோர் மறப்பது இன்னொன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் நிறுவனமே. பணி ஒப்பந்தம் சொந்த நேரத்து வேலைக்கும் உரிமை கோருகிறதா என்று பார்த்து, கோரினால் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பின்னரே உரிமக் கோப்பில் உங்கள் பெயரை எழுதுங்கள்.