கொத்தனாருக்குச் சொந்த வீடு: நல வாரிய அட்டையிலிருந்து அஸ்திவாரம் வரை

காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் நாற்சந்தியில் தூக்குவாளியும் கரணையுமாக நாற்பது ஐம்பது பேர் மேஸ்திரிக்காகக் காத்து நிற்பார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் சில ஆண்டுகளாக என் ஓய்வுநேர வேலை. "ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறோம், நமக்கு வாடகை வீடுதானா அண்ணே?" என்ற கேள்வியை அங்கே கேட்காத வாரம் இல்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1994 முதல் தனி நல வாரியம் இயங்குகிறது. கட்டடம் கட்டுபவர்கள் செலுத்தும் நல வரிதான் அதன் நிதி. பதிவு பெற்ற தொழிலாளி சொந்த இடத்தில் வீடு கட்ட வாரியம் 4 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதற்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பதிவில் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் வீடு கட்டலாம் என்று நினைக்கும்போதுதான் வாரியத்தைத் தேடி வருகிறார்கள்; வந்த பிறகுதான் இந்த மூன்று ஆண்டுக் கணக்கு தெரிகிறது. அதனால் வீடு பற்றிய எண்ணமே இன்னும் வராதவர்களும் இதைப் படியுங்கள்.

முதல் படி: ஆதாரில் கைபேசி எண்

வாரியப் பதிவு இப்போது இணையம் வழியாக நடக்கிறது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் இல்லாமல் எந்த வேலையும் நகராது. பழைய எண்ணைத் தொலைத்துவிட்டவர்கள் முதலில் ஆதார் மையத்துக்குப் போங்கள்.

அங்கே ஒரு சிக்கல் வரும். சிமென்ட் கலவையில் நாள் முழுக்க ஊறும் கையில் ரேகை தேய்ந்துவிடும். இருபது ஆண்டுகள் சித்தாளாக இருந்த ஓர் அக்காவை நான் அழைத்துப்போனபோது, பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. விரல் நுனிகள் வழவழவென்று கண்ணாடி போல இருந்தன. "நாளைக்கு வாங்கம்மா" என்றார் ஊழியர். நாளைக்கு வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போகும். கருவிழி மூலம் சரிபார்க்கும்படி கேட்டோம்; அடுத்த நிமிடமே முடிந்தது. நீங்களும் தயங்காமல் அதைக் கேளுங்கள். போவதற்கு முந்தைய இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போனால் சிலருக்கு ரேகையே பதிந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: வாரியத்தில் பதிவு

வயது 18 முதல் 60 வரை இருக்கலாம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், தச்சர், பெயின்டர், பிளம்பர், எலெக்ட்ரீசியன், டைல்ஸ் பதிப்பவர் என்று கட்டுமானத்தோடு தொடர்புள்ள பல தொழில்கள் பட்டியலில் உள்ளன. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், வேலை செய்வதற்கான சான்று ஆகியவை வேண்டும். இணையத்தில் உங்களால் முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் கேளுங்கள்.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரம் கொடு, அட்டை வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பதிய வேண்டும். "அவர் பெயரில் இருக்கிறதே, போதாதா?" என்று பல பெண்கள் விட்டுவிடுகிறார்கள். கல் சுமப்பதும் கலவை போடுவதும் அவர்கள் உழைப்பு. ஓய்வூதியமும் மகப்பேறு உதவியும் அவரவர் பதிவை வைத்துத்தான் வரும்.

அட்டை கைக்கு வந்ததும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். புதுப்பிக்க மறந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

மூன்றாம் படி: காத்திருக்கும் காலத்தில் இடத்தின் ஆவணம்

வீட்டு உதவிக்கு உங்கள் பெயரில் குறைந்தது 300 சதுர அடி இடம் இருக்க வேண்டும். உங்களுக்கோ குடும்பத்தில் வேறு யாருக்கோ கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. இடம் இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பிகளோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும். பாகப் பிரிவினை செய்து, உட்பிரிவு கேட்டு, நில அளவையர் வந்து அளந்து தனிப் பட்டா வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பங்காளிகளோடு பேச்சுவார்த்தை உள்ள காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

பட்டாவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து, மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயர் என்றிருப்பதால் மட்டுமே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களை என் கையாலேயே மறுபடி எழுதியிருக்கிறேன்.

இடமே இல்லாதவர்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்குப் பயனாளி செலுத்த வேண்டிய பங்குத் தொகையை நல வாரிய உதவியிலிருந்து பெற வழி உண்டு. சரி என்று கையெழுத்துப் போடும் முன்பு ஒரு வேலைநாளில், அதிகாலையில் அந்தக் குடியிருப்புக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து நீங்கள் வேலைக்கு நிற்கும் இடத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா? சென்னையின் உள்பகுதிகளிலிருந்து தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் பட்ட பெரும்பாடே இந்தத் தூரம்தான். கூரை கிடைத்து வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

நான்காம் படி: அதே காலத்தில் கைத்தொழில்

சித்தாள் கொத்தனாராகவும், கொத்தனார் டைல்ஸ் வேலை தெரிந்தவராகவும் ஆனால் கூலி உயரும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களிலும், செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் உள்ள கட்டுமானக் கழகத்திலும் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலைக்காக நாளொன்றுக்கு 800 ரூபாய் தருகிறார்கள். பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுப் பெயர் கொடுத்து வையுங்கள். இதற்கும் வாரிய அட்டைதான் வாசல்.

பெண்கள் அவசியம் போங்கள். ரசமட்டம் பார்க்கவும் தூக்குக்குண்டு பிடிக்கவும் பத்து ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றவர்கள் எத்தனையோ பேர். கையில் கரணை கொடுக்க ஆளில்லாததால்தான் சித்தாளாகவே இருக்கிறார்கள்.

பிள்ளைகள் பத்தாவது முடித்திருந்தால் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் சேரும். பிள்ளையைப் பாதியில் நிறுத்தி வேலைக்கு அழைத்துப்போக நினைக்கும் பெற்றோரிடம் இந்த 1,750 ரூபாய்க் கணக்கைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு விண்ணப்பம்

மூன்று ஆண்டுகள் முடிந்ததும் பட்டா, வருமானச் சான்று, வாரிய அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். ஒப்புகை எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளிலும் எழுதி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. கட்டுமானம் உயர உயரத் தவணையாக வரும். ஆகவே அஸ்திவாரச் செலவு முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதற்காகக் கந்து வட்டிக்குப் போனால் வரும் தவணையெல்லாம் வட்டிக்கே சரியாகிவிடும். அட்டை வாங்கிய மாதத்திலிருந்தே அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கிச் சிறிது சிறிதாகப் போட்டு வாருங்கள். கொத்தனார் வீட்டில் இன்னொரு சேமிப்பும் உண்டு: ஆள்கூலி. கணவன் சுவர் எழுப்ப, பயிற்சி முடித்த மனைவி பூச, மேஸ்திரிக்கும் ஆளுக்கும் போகும் பணம் கூரைத் தளம் போடும் கம்பிக்கு மிஞ்சும்.