பாத்ரூம் ட்ரெயின்ல முடி அடைக்காம இருக்க ஹேர் கேட்சர்: எதை வாங்குறது, எப்படி வைக்கிறது

குளிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதம் மூழ்குற அளவுக்கு பாத்ரூம்ல தண்ணி நிக்குதா, அப்புறம் கால் மணி நேரம் கழிச்சு மெதுவா வடியுதா, அப்போ பெரும்பாலும் காரணம் முடிதான். ப்ளம்பர் வந்து கம்பி விட்டு இழுத்தா வெளிய வர்றதும் அதேதான், கறுப்பா வழுவழுன்னு ஒரு முடிக்கொத்து. இதுக்கு தீர்வு சின்ன விஷயம், ட்ரெயின் வாயிலயே முடியை பிடிக்கிற ஒரு ஜாலி, கடையில ஹேர் கேட்சர்னு கேட்டா தருவாங்க. ஆனா வாங்கி வச்சிட்டா மட்டும் போதாது, சரியானதா பாத்து வாங்கணும், தலைக்கு குளிக்கும்போதெல்லாம் அதுல இருக்கிற முடியை எடுக்கணும். நிறைய வீட்டுல வாங்கின ஒரு மாசத்துல அது ஜன்னல் ஓரத்துக்கு போயிடுறது ஏன்னா சைஸ் தப்பு, இல்லேன்னா தண்ணி நிக்குதுன்னு யாரோ தூக்கி வச்சிருப்பாங்க.

மொதல்ல முடி ஏன் இவ்வளவு தொல்லை பண்ணுதுன்னு பாத்துடுவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி வரைக்கும் உதிர்றது சகஜம், தலைக்கு குளிக்கிற அன்னிக்கு இன்னும் ஜாஸ்தியா வரும், ஏன்னா ஏற்கனவே கழண்டு ஜடைக்குள்ளயே நின்னுட்டு இருந்த முடியெல்லாம் தண்ணியோட சேந்து அன்னிக்குத்தான் இறங்குது. முடி கெராட்டின்ங்கிற புரதத்தால ஆனது, தண்ணில கரையாது, சீக்கிரம் மக்காது. அது மட்டும் தனியா போனா கூட பரவால்ல, நம்ம ஊர்ல அது கூட போறது என்னென்ன பாருங்க: தேங்காண்ணெய், சீயக்கா தூள், கடலமாவு, மஞ்சள், சோப்பு. போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா அதுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேந்து வெள்ளையா ஒரு பிசுக்கு ஆயிடும், பக்கெட்டு சுத்தி படியுமே அதேதான், அது பைப்புக்குள்ளயும் படியுது. தேங்காண்ணெய் கிட்டத்தட்ட 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும், அதனால ஊட்டி, கொடைக்கானல் பக்கமோ மார்கழி குளிர்லயோ எண்ணெய் தேச்சு குளிச்சா பைப்புக்குள்ளயும் அது கெட்டியாகும். முதல்ல ஒரு முடி எங்கயாவது மாட்டும், அதுல இந்தப் பிசுக்கு ஒட்டும், அதுல அடுத்த முடி ஒட்டும், இப்படியே மாசக்கணக்குல வளந்து ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கும்.

மாட்டுற இடமும் பெரும்பாலும் ஒண்ணுதான். பாத்ரூம் தரையில ஜாலிக்கு அடியில இருக்கிறத ப்ளம்பருங்க நானி ட்ராப்னு சொல்லுவாங்க, அதுல வளைவு மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அந்த தண்ணிதான் சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வராம தடுக்குது. தண்ணி நிக்கணும்னா வளைவு வேணும், வளைவு இருந்தா முடி அங்க தங்கும், இது தவிர்க்கவே முடியாது. அதனாலதான் உள்ள போறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன். அதுவும் ஃப்ளாட்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், உங்க ட்ராப் கீழ் வீட்டு சீலிங்குக்கு மேலதான் இருக்கு, அடைப்பு எடுக்கிறேன்னு முரட்டுத்தனமா குத்தி ஜாயின்ட் விட்டுடுச்சுன்னா கீழ் வீட்டு சுவர் ஊறும், அப்புறம் டைல்ஸ் உடைக்கிற வேலை வரைக்கும் போகும்.

சரி, வாங்குறதுக்கு முன்னாடி உங்க ட்ரெயினை ஒரு தடவ திறந்து பாருங்க. மேல இருக்கிற ஸ்டீல் ஜாலி 5 இன்ச் இல்ல 6 இன்ச் சதுரமா இருக்கும், சிலதுல வட்டமா இருக்கும். அதை நெம்பினா வரும், பல வருஷம் திறக்காம இருந்தா சுத்தி சோப்பும் சிமெண்டும் இறுகியிருக்கும், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை ஓரத்துல விட்டு மெதுவா தூக்குங்க, டைல்ஸ் ஓரம் உடையாம பாத்துக்கோங்க. சில ஜாலிக்கு அடியில ஒரு கப்பு மாதிரி தொங்கும், கரப்பான் ஜாலின்னு விக்கிறது அதுதான். முடி சுத்தி சுத்தி அந்த கப்புலதான் சேரும், அதனால தண்ணி வேகமா போகட்டும்னு அதை கழட்டி தூக்கிப் போட்டுடுறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க, சில டிசைன்ல அந்த கப்பு இருந்தாத்தான் நாத்தத்தை தடுக்கிற தண்ணியே வேலை செய்யும். கழுவிட்டு திரும்ப மாட்டுங்க.

இப்போ அளவு எடுக்கணும். ஜாலியோட வெளி அளவு ஒண்ணு, ஜாலியை எடுத்தா தெரியுற குழியோட வாய் எவ்வளவு அகலம்ங்கிறது இன்னொண்ணு, ஜாலிக்கும் குழிக்கும் நடுவுல எவ்வளவு ஆழம் இருக்குங்கிறது மூணாவது. இந்த மூணையும் போன்ல எழுதிட்டு போங்க, முடிஞ்சா ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க, ஹார்டுவேர் கடைக்காரருக்கு போட்டோ காட்டினாலே பாதி வேலை முடிஞ்சிடும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா அளவு போடாத பொருளை வாங்கவே வாங்காதீங்க.

கடையில நாலு ரகம் கிடைக்கும். முதல் ரகம் சிலிக்கான்ல செஞ்ச தட்டை மேட், பூ மாதிரி ஓட்டை போட்டிருக்கும், இருக்கிற ஜாலிக்கு மேலயே வச்சிடலாம். சுத்தம் பண்ண ரொம்ப சுலபம், காஞ்சதும் முடியை அப்படியே உரிச்சு எடுக்கலாம். ஆனா இது ஒட்டிக்கணும்னா அடியில வழுவழுப்பான இடம் வேணும், டைல்ஸ் இடுக்கு நடுவுல வந்தா ஓரமா தண்ணி புகுந்து முடியும் கூடவே போயிடும். ரெண்டாவது ஸ்டீல் வலை, கிண்ணம் மாதிரி குழியா இருக்கும், குழிக்குள்ள உக்காரும். மூணாவது உருளை மாதிரி உள்ள இறங்குறது, சுத்தியும் ஓட்டை இருக்கும், முடி வெளிப்பக்கமா சுத்திக்கும், மேல பாத்தா முடியே தெரியாது. நாலாவது ஒட்டுற ஸ்டிக்கர், ஒரு வாரம் வச்சிட்டு தூக்கிப் போடுறது, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஈரத்துல சீக்கிரம் கழண்டுக்குது, வாரா வாரம் பிளாஸ்டிக் குப்பை வேற.

எது நல்லதுங்கிறது நீங்க எப்படி குளிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது, இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. ஷவர்ல குளிக்கிறவங்களுக்கு தண்ணி சீரா கொஞ்சம் கொஞ்சமா வரும், பொடி ஓட்டை வலை கூட தாங்கும். பக்கெட்ல குளிக்கிற வீட்டுல, அதே பாத்ரூம்ல துணி துவைச்சு 20 லிட்டர் பக்கெட்டை ஒரே ஊத்தா கவுக்கிற வீட்டுல, பொடி ஓட்டை வலை வச்சா தண்ணி ரூம் பூரா பரவி வாசல் தாண்டிடும், ரெண்டாவது நாளே அதை யாராவது எடுத்து ஓரமா வச்சிடுவாங்க. அந்த மாதிரி வீட்டுக்கு கிண்ணம் மாதிரி குழியா இருக்கிற ஸ்டீல் கேட்சர்தான் சரி, அடியில முடி சேந்தாலும் பக்கவாட்டு ஓட்டை வழியா தண்ணி போயிட்டே இருக்கும். ஸ்டீல் வாங்கும்போது 304 கிரேடான்னு கேளுங்க, 202ன்னா விலை கம்மி, ஆனா உப்புத் தண்ணில சீக்கிரம் துரு பிடிக்கும். வாஷிங் மெஷின் தண்ணியும் அதே ட்ரெயினுக்கு வருதுன்னா முடியோட துணிப்பஞ்சும் சேரும், மெஷின் ஹோஸ் முனையில ஒரு வலைப்பை தனியா கட்டிடுங்க, வாரா வாரம் அதை கழட்டி சுத்தம் பண்ணுங்க, இல்லேன்னா தண்ணி வெளிய போக முடியாம மெஷினுக்குள்ளயே நிக்கும்.

வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள ஏற்கனவே இருக்கிற முடியை எடுத்தே ஆகணும். பழைய கொத்து உள்ள இருக்கும்போது புதுசா கேட்சர் வச்சா தண்ணி இன்னும் மெதுவாத்தான் போகும், நீங்க கேட்சரை குறை சொல்லுவீங்க. கையில க்ளவுஸ் போட்டுக்கோங்க, பக்கத்துல ஒரு பழைய கவர் வச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் முள்ளு முள்ளா இருக்கிற நீள பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு கிடைக்கும், விலை ரொம்ப கம்மி, அதை உள்ள விட்டு திருப்பி மெதுவா இழுத்தா கொத்து கொத்தா வரும். அது இல்லேன்னா மெல்லிசான கம்பி முனையை சின்ன கொக்கியா வளைச்சு விடலாம். தள்ளாதீங்க, இழுக்கத்தான் செய்யணும், தள்ளினா அது கைக்கு எட்டாத இடத்துக்கு போயிடும். எல்லாம் வந்ததும் டிஷ் வாஷ் லிக்விட் கொஞ்சம் ஊத்தி, கை பொறுக்கிற சூட்டுல ஒரு பக்கெட் வெந்நீர் ஊத்துங்க, எண்ணெய் பிசுக்கு இளகிப் போகும். கொதிக்க கொதிக்க ஊத்த வேணாம், பிவிசி பைப்பு அந்த சூட்டுல இளகும்.

அப்புறம் அந்த இடத்தை துடைச்சு காய வச்சு கேட்சரை வைங்க, ஓரத்துல இடைவெளி இருக்கான்னு பாருங்க, ஒரு விரல் நுழையுற இடைவெளி இருந்தா மொத்த முடியும் அது வழியாத்தான் போகும். வச்சதும் அரை பக்கெட் தண்ணியை ஒரே ஊத்தா ஊத்தி சோதிங்க. கேட்சர் மிதந்துச்சுன்னா கனம் பத்தல, மேல ஸ்டீல் ஜாலியை வச்சு அமுக்கிடலாம். தண்ணி தேங்கி நின்னுச்சுன்னா ஓட்டை பொடிசா இருக்கு, பெரிய ஓட்டை உள்ளதா மாத்துங்க.

இனிமேதான் முக்கியமான பாகம். தலைக்கு குளிச்ச ஒவ்வொரு தடவையும், குளிச்சவங்களே, வெளிய வர்றதுக்கு முன்னாடி முடியை எடுத்துடணும். ஒரு டிஷ்யூவோ பழைய நியூஸ் பேப்பர் துண்டோ போதும், பத்து செகண்டு வேலை. எடுத்ததை குப்பைத்தொட்டியில போடுங்க, டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணா அடைப்பு இடம் மாறுது அவ்வளவுதான். கேட்சரை தூக்கிட்டு தேங்கின முடியை தண்ணி ஊத்தி உள்ள தள்ளுறதும் அதே கதை. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா வந்து எடுக்கட்டும்னு விட்டு வைக்காதீங்க, நம்ம தலைமுடியை நாமளே எடுக்கிறதுதான் மரியாதை, ரெண்டு நாள் ஊறின முடியை இன்னொருத்தர் வெறுங்கையால எடுக்கிறது பாக்கவே கஷ்டமா இருக்கு. குழந்தைங்களுக்கும் ஏழெட்டு வயசுலயே பழக்கிடலாம். வாரத்துக்கு ஒரு நாள் கேட்சரை வெளிய எடுத்து பழைய டூத் பிரஷ்ஷால சோப்பு போட்டு தேச்சிடுங்க. டாய்லெட் க்ளீனர் ஊத்தாதீங்க, அதுல இருக்கிற ஆசிட் ஸ்டீலை அரிச்சிடும்.

முடி ட்ரெயின் வரைக்கும் வர்றதையே குறைக்கவும் வழி இருக்கு. குளிக்க போறதுக்கு முன்னாடி, தலை காஞ்சிருக்கும்போதே நல்லா சிக்கு எடுத்து வாரிடுங்க, கழண்ட முடி நெறைய சீப்போடயே வந்துடும். அந்த சிக்கு முடியை உருட்டி சேத்து வச்சா, தெருவுல முடி வாங்க வர்றவங்க இன்னும் சில ஊர்ல வாங்கிக்கிறாங்க, எங்க பாட்டி காலத்து பழக்கம், நல்ல பழக்கம். சீயக்கா, அரப்பு போடுறவங்க தூளை சலிச்சு, நல்லா ஊற வச்சு போடுங்க, கப்பி கப்பியா இருந்தா வலை ஓட்டையை அதுவே மூடிடும்.

அமெரிக்கா, கனடா பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு பாத்டப் உள்ளயே நின்னுதான் குளியல், அங்க பைப்பு ஒன்றரை இன்ச்தான், நம்ம ஊரு ட்ரெயினை விட ரொம்ப சின்னது, நீளமான முடி இருந்தா சீக்கிரமே அடைக்கும். அங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஸ்டாப்பர் எந்த வகைங்கிறது. கால் விரலால அமுக்குற வகைன்னா, திறந்த நிலையில வச்சு அடித்தண்டை பிடிச்சுக்கிட்டு இடப்பக்கமா திருகினா கழண்டு வரும். தூக்கி திருப்புற வகைக்கு குமிழ் கீழ சின்ன ஸ்க்ரூ இருக்கும். டப்போட சுவர்ல லீவர் இருந்தா அந்த தட்டுல இருக்கிற ஸ்க்ரூவை எடுத்து உள்ள இருக்கிற கம்பியோட சேத்து வெளிய இழுக்கணும், அதுலயும் முடி சுத்தியிருக்கும். ஸ்டாப்பரை எடுத்துட்டா உருளை கேட்சர் உள்ள சரியா உக்காரும். எடுக்க விருப்பம் இல்லேன்னா, ஸ்டாப்பருக்கு மேல கவுத்து வைக்கிற குமிழ் மாதிரி மூடி கிடைக்கும், அதை வாங்குங்க. வாடகை வீடுன்னா கழட்டின ஸ்டாப்பரையும் ஸ்க்ரூவையும் ஒரு கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க, காலி பண்ணும்போது திரும்ப மாட்டணும்.

அடைச்சதும் கெமிக்கல் ஊத்துற பழக்கம் பத்தி கட்டாயம் சொல்லணும். ட்ரெயின் க்ளீனர் தூள்ல இருக்கிறது பெரும்பாலும் காஸ்டிக் சோடா, அது முடியை கரைக்கும்தான், ஆனா ஈரம் பட்டதும் பயங்கரமா சூடாகும், தெறிச்சா கண்ணும் தோலும் வெந்துடும். முழுசா அடைச்ச ட்ரெயின்ல அதை போட்டா தண்ணி எங்கயும் போகாம காஸ்டிக் தண்ணியாவே தேங்கி நிக்கும், அதுல ப்ளம்பர் கை விட்டா அவர் கைதான் போகும். ஏற்கனவே எதையாவது ஊத்தியிருந்தா அவர் வந்ததும் முதல் வார்த்தையா அதை சொல்லிடுங்க. ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் க்ளீனர் ஆசிட்டையும் ஒண்ணா சேக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், கதவு சாத்தின சின்ன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. சமையல் சோடாவும் வினிகரும் நுரைக்கிறத பாத்து நம்பிடாதீங்க, அது முடியை கரைக்காது.

கேட்சர் வச்சு, முடியையும் எடுத்து, அப்பவும் தண்ணி நிக்குதுன்னா மத்த இடங்களையும் பாருங்க. வாஷ்பேசின்ல தண்ணி விட்டா தரை ட்ரெயின்ல குபுகுபுன்னு சத்தம் வருதா, டாய்லெட் ஃப்ளஷ் பண்ணா பாத்ரூம் தரையில தண்ணி ஏறுதா, அப்போ அடைப்பு உங்க ட்ராப்ல இல்ல, மெயின் லைன்லயோ வெளிய இருக்கிற சாக்கடைத் தொட்டியிலயோ, அதாவது சேம்பர்லயோ இருக்கு. அதை வீட்டுக்குள்ள இருந்து குத்தி பிரயோஜனம் இல்ல, அசோசியேஷன்ல சொல்லி சேம்பரை மெஷின் வச்சு எடுக்க சொல்லுங்க, ஆளை உள்ள இறக்க விடாதீங்க, அது சட்டப்படியும் தப்பு.