காவலர் ஆகணுமா? கடைசிப் படியிலிருந்து தயாராகுங்கள்

போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது ஒரு கைடு வாங்குவது, இல்லையென்றால் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவது. என் சித்தி பையனும் அப்படித்தான் செய்தான். எட்டு மாதம் படித்து எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தான். மைதானத்தில் உயரம் அளந்தபோது 168.5 சென்டிமீட்டர். அவன் பிரிவுக்கு 170 வேண்டும். அதோடு முடிந்தது.

தேர்வு நடக்கும் வரிசை ஒன்று. நாம் தயாராக வேண்டிய வரிசை அதற்குத் தலைகீழ். எதை மாற்றவே முடியாதோ அதை முதலில் சரிபார்க்க வேண்டும். புத்தகம் கடைசியில்தான். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணியை வைத்தே இதைச் சொல்கிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இந்தத் தேர்வில்தான் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்று மூன்று பணிகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

படி 1: படிப்பும் வயதும்

பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முடிந்திருக்க வேண்டும். மேல் வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31. ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வரை உண்டு. எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

டிகிரி முடித்தவர்கள் நேரடியாக சப்-இன்ஸ்பெக்டர் தேர்வும் எழுதலாம். அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் சொல்கிறேன்.

படி 2: சுவரில் ஒரு கோடு

செருப்பில்லாமல் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நில்லுங்கள். தலைமேல் ஒரு தடித்த நோட்டை மட்டமாக வைத்து, வேறொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மாலையில் கொஞ்சம் குறையும், எல்லாருக்கும் அப்படித்தான். குறைவான அளவையே உங்கள் உயரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு 170 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 167. பெண்களுக்கு 159, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். மார்பைப் பயிற்சியில் சரிசெய்யலாம், உயரத்தை முடியாது. உயரம் கூட்டும் பவுடர் விளம்பரங்களில் காசைக் கரைக்க வேண்டாம்.

படி 3: வழக்கு

யாரும் பேச விரும்பாத படி இது. எல்லாத் தேர்விலும் ஜெயித்த பிறகு, உங்கள் ஊர் காவல் நிலையம் மூலம் நன்னடத்தை விசாரணை வரும். திருவிழாச் சண்டையோ பங்காளித் தகராறோ, எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருந்தால் அங்கே சிக்கும்.

'கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டதே' என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் சந்தேகத்தின் பலனை வைத்தோ, புகார் கொடுத்தவரே பிறழ்ந்து பேசியதாலோ விடுதலையானவரை வழக்கில் தொடர்புடையவராகவே பணி விதி கருதுகிறது. ஆகவே பழைய வழக்கு ஏதாவது இருந்தால் தீர்ப்பு நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எக்காரணம் கொண்டும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பயிற்சியில் இருக்கும்போதேகூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்னும் பள்ளியில் படிக்கிற தம்பி யாராவது இதை வாசித்தால், ஊர்ச் சண்டையில் கூட்டத்தோடு நிற்காதே என்பதுதான் உனக்கான பாடம்.

படி 4: காகிதங்கள்

ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று சான்று. அறிவிக்கை வந்த பிறகு அலைந்தால் பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும், இப்போதே வாங்கிவிடுங்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு மூன்றுக்கும் சேர்த்து 6 சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. அந்தச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

படி 5: மைதானம்

ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தாண்டாவிட்டால் அடுத்த கட்டம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அவ்வளவுதான், பெரிய வேகமில்லை. ஆனால் முதல் சுற்றிலேயே பாய்ந்து ஓடி, மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் அதிகம். முதல் மாதம் நேரமே பார்க்காமல், பேச முடிகிற வேகத்தில் 3 கிலோமீட்டர் ஓடிப் பழகுங்கள். இரண்டாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு சுற்றையும் 1 நிமிடம் 50 விநாடியில் முடிக்கப் பாருங்கள்.

அடுத்து 24 மதிப்பெண்ணுக்கான உடல்திறன் போட்டிகள். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். ஸ்டார் கணக்கில்தான் மதிப்பெண். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் என்றால் இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டரும் 4.50 மீட்டரும், 100 மீட்டரில் 15 விநாடியும் 13.5 விநாடியும் அதே கணக்கில். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

கயிறுதான் பலரைக் கவிழ்க்கும். கை பலத்தில் மட்டும் ஏறப் பார்த்தால் பாதியில் தொங்க வேண்டியதுதான். கயிற்றை இரண்டு பாதங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, காலால் உந்தி, கையை மேலே மாற்ற வேண்டும். முதல் வாரம் கை கொப்புளிக்கும். ஊரில் கயிறு இல்லையென்றால், ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன்களிடம் கேளுங்கள். எந்த மைதானத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 6: இப்போது புத்தகம்

ஒரே நாளில் இரண்டு பகுதிகள். தமிழ்த் தகுதித் தேர்வு 80 கேள்வி, அதில் 40 விழுக்காடு, அதாவது 32 எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70 கேள்வி, 80 நிமிடம். பொது அறிவு 45, உளவியல் 25. குறைந்தது 25 மதிப்பெண் வேண்டும் என்றாலும் அதை இலக்காக வைக்காதீர்கள். ஒரு காலியிடத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில்தான் மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள்.

பொது அறிவுக்கு ஆறிலிருந்து பத்து வரை சமச்சீர் புத்தகங்களை வரிக்கு வரி படியுங்கள். உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் தொடர், திசை, உறவுமுறை, கணக்கு, தர்க்கம் இவைதான். தினமும் 20 கணக்கு போட்டால் இந்த 25-இல் 20-க்கு மேல் எடுக்கலாம், என் கணிப்பில் வித்தியாசம் வருவதே இங்கேதான்.

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வும் ஏறக்குறைய இதே பாதைதான், கூடுதலாக நேர்முகத் தேர்வு ஒன்று. தேர்வானவர்களுக்கு வண்டலூர் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் பயிற்சியகத்தில் ஓராண்டு பயிற்சி.

படி 7: பயிற்சிப் பள்ளி

காவலர்களுக்கு ஏழு மாதம் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் ஒரு மாதம் காவல் நிலையத்தில் நடைமுறைப் பயிற்சி. விடிவதற்குள் எழுந்து ஓட்டம், பிறகு கவாத்து, வகுப்பு, சாயங்காலம் திரும்ப மைதானம். துப்பாக்கி சுடுதல், முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் உண்டு. சட்ட வகுப்பில் பழைய புத்தகம் உதவாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 இல்லை, 103. நாம் ஊரில் திட்டுகிற 420-கூட இப்போது 318.

பயிற்சி முடிந்ததும் ஸ்டேஷனில் உட்காரலாம் என்று கனவு காணாதீர்கள். ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படைக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். பந்தோபஸ்து, பாரா (காவலுக்கு நிற்பது), கைதி வழிக்காவல் இவைதான் அங்கே வேலை. அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. உள்ளூர் காவல் நிலையத்துக்கு மாற்றல் கிடைக்கச் சில வருடம் ஆகும், முதல் நிலைக் காவலர் ஆகப் பத்து வருடம்.