நாடக வாரம் நடத்தப் போகிறவர்கள் முதலில் மண்டபச் சாவியைப் பற்றிக் கேளுங்கள்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் நான்கு பேர் என்னை உட்காரவைத்து ஒரு நோட்டை விரித்தார்கள். ஏழு நாள், ஏழு நாடகம், நம்ம நெல்லையில். கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆன பிள்ளைகள். எந்தக் குழு எந்த நாள், சாப்பாட்டுக்கு எவ்வளவு, போஸ்டர் ஒட்ட எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு வரி வந்தது: "மண்டபம், மாலை 4 முதல் இரவு 10 வரை." 11 வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நாடக வாரம் நடத்தியபோது நான் எழுதிய அதே வரி.

போஸ்டரில் எழுத்துப்பிழை, மைக்கைச் சோதிக்க மறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். அப்படித் திருந்தாத தப்புகளைத்தான் சொல்கிறேன்.

மண்டபத்தைச் சாயங்காலத்துக்கு மட்டும் எடுப்பது

ஏழு நாளுக்கும் முழு வாடகை என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். நாடகம் ஆறரைக்குத்தானே, நாலு மணிக்குச் சாவி கிடைத்தால் போதாதா என்று நானும் நினைத்தேன்.

முதல் நாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குழு மதியம் 12 மணிக்கே டிரங்குப் பெட்டிகளோடு மண்டபத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே யார் வீட்டுக்கோ நிச்சயதார்த்தம். வாட்ச்மேன், "அண்ணாச்சி, நாலுக்குத்தான் சாவி, நான் என்ன செய்ய?" என்றார். அவர் மேல் தப்பில்லை. கதவு திறந்தபோது தரையெல்லாம் அட்சதையும் நசுங்கிய ரோஜாவும். பெருக்கி, நாற்காலியைத் திருப்பிப் போட நாலே முக்கால். லைட்காரர் ஏணியோடு வந்து விளக்கை மாட்டி முடிக்க ஆறு. அதற்குள் ஜனங்கள் வந்துவிட்டார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களை வெயிலில் நிறுத்த முடியுமா? உள்ளே விட்டோம். விளக்கு மாட்டியாயிற்று, ஆனால் எது எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார் லைட்காரர். நானும் சரி என்றேன்.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில் அம்மா ஒரு மூலையில் கடிதத்தோடு உட்கார்ந்திருப்பாள். எல்லா விளக்கும் அணைந்து ஒரே ஒரு விளக்கு அவள் முகத்தில் விழவேண்டும். அந்த ஒரு விளக்குக்காகவே கட்டிய காட்சி. அன்றைக்கு வெளிச்சம் நாலடி தள்ளி வெறும் தூணில் விழுந்தது. இருட்டில் இரண்டு மூச்சு நேரம் அம்மாவாக நடித்தவர் காத்திருந்தார். பிறகு எழுந்து வெளிச்சத்தைத் தேடி நடந்தார், வயர் தடுக்கியது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வசனத்தைச் சொல்லி முடித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். பின்னால் போய்ப் பார்த்தேன், யாரோடும் பேசாமல் தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்திருந்த டீச்சர். அரை நாள் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் அவருடைய இரண்டு மாத உழைப்பைக் கெடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சம் கேட்கும், தினமும் கழற்றி தினமும் மாட்டினோம். நாலாவது நாள் மேடையில் கரண்டே போய்விட்டது. மேடைக்கு அடிக்கிற பழைய பார் (PAR) விளக்கு ஒன்று 1000 வாட். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் தாங்காது, எங்கள் ஆள் ஆறு சொருகியிருந்தார். 12 விளக்கு என்றால் 12,000 வாட், 230 வோல்ட்டில் 50 ஆம்பியரைத் தாண்டிவிடும். த்ரீ பேஸ் லைன் வேண்டும், அந்த மண்டபத்துப் பேனல் தெரிந்த எலக்ட்ரீஷியனும் கூடவே இருக்கவேண்டும். எல்இடி பார் எடுத்தால் சுமை பெருமளவு குறையும். இதையெல்லாம் காலையில் கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். கூட்டம் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது?

அதனால் முதல் நாடகத்துக்கு முந்தின நாளையும் சேர்த்து மண்டபத்தை முழுதாக எடுங்கள். பணம் போதாவிட்டால் நாடகத்தைக் குறையுங்கள். வாரம் முழுக்கக் கைவைக்காத பொது வெளிச்சம் ஒன்று மாட்டிவிடுங்கள், குழுவுக்கு இரண்டு விளக்கு மட்டும் தனியாகக் கேட்கலாம், அதையும் ஒரு மாதம் முன்னால் சொல்லவேண்டும். அவரவர் நாளில் காலை 9 முதல் 12 வரை மேடை அவர்களுக்கு. முழு நாடகத்தையும் ஓட்டவேண்டாம். வெளிச்சமும் சத்தமும் மாறுகிற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தால் போதும். நடிகர் நிற்கவேண்டிய இடத்தில் விரல் நீளச் சணலை வைத்து அதன்மேல் டேப் ஒட்டுங்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெறுங்காலுக்குத் தட்டுப்படும்.

அந்த நான்கு பேரும் ஏழு நாடகத்தை ஐந்தாக்கிவிட்டார்கள். காலை 9 மணிக்குச் சாவி என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

ஊர்க் காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிப்பது

பங்குனி உத்திரத்துக்குப் பாதி ஊர் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பிவிடும். அம்மன், சுடலை கோவில் திருவிழாவான கொடை நடக்கிற மாதங்களில் பக்கத்துத் தெருக் குழாய் ஸ்பீக்கர் உங்கள் நாடகத்துக்குள் பாடும். கொடையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை, அது அவர்கள் சாமி. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் டவுனுக்குள் வண்டி நுழையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. முதலில் அக்கம்பக்கத்துக் கோவில்களில் போய்க் கொடை நாள் கேளுங்கள்.

கணியான் கூத்தைப் பதினைந்து நிமிடத் தோரணமாக வைப்பது

இதையும் பல இடத்தில் பார்க்கிறேன். சுடலைமாடன் கோவில்களில் ராத்திரி முழுக்கக் கதை சொல்கிற அண்ணாவியைக் கூப்பிட்டு, விருந்தினர் வரும்வரை கொஞ்சம் ஆடச் சொல்வது. மகுடம் என்கிற பறையை அடிக்கிறவர்களும் பெண் வேடம் கட்டுகிறவர்களும் ஒப்பனைக்கு எடுக்கிற நேரம்கூட நீங்கள் கொடுக்கிற நேரத்தைவிட அதிகம். ஒரு சாயங்காலத்தை முழுதாக அவர்களுக்குக் கொடுங்கள், சனிக்கிழமையாகப் பார்த்து. மகுடத்தைச் சூடுகாட்ட வெளியே ஓர் இடமும் ஒதுக்குங்கள்.

பொன்னாடை

நாடகம் முடிந்த பிறகு.

சீலிங் ஃபேன்

சித்திரை வெயிலில் நிறுத்தவும் முடியாது, ஓடினால் மெல்லப் பேசுகிற வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. காலை ஒத்திகையில் ஃபேனை ஓடவிட்டே கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

கடைசி பஸ்

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எட்டே முக்காலுக்குக் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் திரையை இறக்குங்கள்.