நின்னு போச்சுன்னு விட்டுறாதீங்க: மெனோபாஸ் நேரத்துல நாம செய்யுற தப்புகள்

மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஆன பெறவு திடீர்னு கொஞ்சம் ரத்தம் பட்டா நம்ம ஊருல என்ன சொல்லுவாங்க, "சூட்டுக்கு வந்திருக்கும், இளநி குடி". தப்புலயே பெரிய தப்பு இதுதான். தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாத்தான் அது மெனோபாஸ், அதுக்குப் பெறவு ஒரு சொட்டு பட்டாலும் அது பீரியட் கிடையாது. நிறைய பேருக்கு உள்ள வறண்டு போனதாவோ பாலிப்புன்னு சொல்லுற சின்ன சதை வளர்ச்சியாவோதான் இருக்கும், ஆனா கர்ப்பப்பை புற்றுநோய்க்கும் முதல் அறிகுறி இதேதான், வலி கூட இருக்காது, அதனாலதான் ஏமாந்துருவோம். ஸ்கேன் பண்ணி கர்ப்பப்பை உள்தோல் எவ்வளவு தடிமன்னு பார்ப்பாங்க, தேவைப்பட்டா துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க, அவ்வளவுதான். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி ஓ.பி.ல போய் காட்டுங்க, பேத்தி விசேஷம் முடியட்டும் கோயில் கொடை முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

நிக்குறதுக்கு முன்னால உள்ள நாலஞ்சு வருஷத்துல மாசம் தப்பித் தப்பி வரும், அது சரி. ஆனா மணிக்கு ஒரு பேட் நனையுது, கட்டி கட்டியா போகுதுன்னா "நிக்கப் போகுதுல்லா, அப்படித்தான் கொட்டும்"னு இருக்கக் கூடாது, ஃபைப்ராய்டுன்னு சொல்லுற கர்ப்பப்பை கட்டியா, தைராய்டான்னு பார்க்கணும், ஹீமோகுளோபினையும் பார்க்கணும். இன்னொரு பக்கம் "இனி எதுக்கு, எடுத்துருங்க"ன்னு கர்ப்பப்பையை எடுக்க அவசரப்படுறவங்களும் இருக்காங்க. மாத்திரையில சரியாகுமா, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் வைக்கலாமான்னு கேளுங்க. எடுத்தே ஆகணும்னா சினைப்பையையும் சேர்த்து எடுப்பீங்களான்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா அதையும் எடுத்துட்டா மெனோபாஸ் மறுநாளே வந்து நிக்கும், மெதுவா வர்றதை விட கஷ்டம்.

அப்புறம் அந்தச் சூடு. கோயில்ல பிரசங்கம் நடந்துட்டு இருக்கும்போது நெஞ்சுல இருந்து முகம் வரை குப்புன்னு ஏறி, பிளவுஸ் முதுகெல்லாம் நனைஞ்சு, ரெண்டு மூணு நிமிஷத்துல குளிரும், பக்கத்துல இருக்கவங்க எல்லாரும் சும்மா இருக்க நாம மட்டும் முந்தானையால வீசிட்டு இருப்போம். இதைக் காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை போடுறதும், பிரஷர்னு நினைச்சு மைனியோட பிரஷர் மாத்திரையை வாங்கிப் போடுறதும் வேண்டாம். காட்டன் சேலை, ராத்திரி ஃபேன், சூடான டீயையும் காரத்தையும் குறைக்கிறது கொஞ்சம் உதவும். அதுலயும் தூக்கமே போச்சுன்னா ஹார்மோன் சிகிச்சை இருக்கு. "அது கேன்சர் வரும்"னு ஒரே அடியா சொல்லுறது 2002ல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியால பரவின பயம், அதுல சேர்ந்தவங்க சராசரி வயசே 63. அறுபதுக்குள்ள, நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிற ஆரோக்கியமான பொம்பளைங்களுக்கு பெரும்பாலும் நன்மைதான் அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தம் உறைஞ்ச பிரச்சனை உள்ளவங்களுக்கு பொதுவா கொடுக்க மாட்டாங்க. மெடிக்கல்ல கேட்டு நாமளா வாங்கவே கூடாது.

அடிக்கடி ஒண்ணுக்குப் போகும்போது எரியுது, வீட்டுக்காரர் கிட்ட வந்தா வலிக்குதுன்னா வெட்கப்பட்டு மறைக்காதீங்க, ஆன்டிபயாட்டிக்காவே விழுங்காதீங்க, வறட்சிக்குன்னே க்ரீம் இருக்கு, லேடி டாக்டர்ட்ட நேரா சொல்லுங்க.

மாதவிலக்கு நின்ன பெறவு எலும்பு பலம் குறையும், அதனால ஒண்ணு சொல்லணும், சாளையும் நெத்திலியும் வாங்கி சமைச்சு எல்லாத்தையும் புள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வச்சிட்டு நாம மரச்சீனிக் கிழங்குக்கு வெறும் சாறை ஊத்தித் தின்னுட்டு எழும்புறோம் பாருங்க, அது இனி ஆகாது. முள்ளோட கடிச்சுத் திங்கிற நெத்திலியில உள்ள கால்சியம் நமக்கும் இப்ப கட்டாயம் தேவை.

கடைசியா, மூணு மாசம் வரலன்னா உடனே மெனோபாஸ்னு முடிவு பண்ணாதீங்க. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணாதவங்க அம்பதுக்கு முன்னால நின்னா ரெண்டு வருஷம், அம்பதுக்குப் பெறவுன்னா ஒரு வருஷம் கர்ப்பம் ஆகாம பாதுகாப்பா இருக்கணும், சந்தேகமா இருந்தா யூரின் டெஸ்ட் கிட் வாங்கி முதல்ல அதைப் பார்த்துருங்க.