இளைஞர் குழுவை நடத்தப் போகும் அண்ணன், அக்காக்களுக்கு

மும்பை தாராவியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் மண்டபம், சர்ச் ஹால், டியூஷன் அறை என்று எங்காவது ஓர் இளைஞர் குழு கூடியிருக்கும். நடத்துபவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர், அல்லது வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு, பாசம் நிறைய உண்டு. சிக்கல்களில் பாதி அந்தப் பாசத்தில்தான் தொடங்குகிறது.

முதலில், வார்த்தை கொடுப்பது. சேர்ந்த சூட்டில் “வாராவாரம் வந்துடுவேன்” என்று சொல்லாதீர்கள். ஷிஃப்ட் மாறும், ஊரில் கல்யாணம் வரும், பத்தாவது வாரம் ஆளைக் காணோம் என்றாகிவிடும். மாதம் இரண்டு ஞாயிறு, ஆனால் ஒரு வருடம் தவறாமல் என்று சொல்லிச் செய்தால் பிள்ளைகள் நம்புவார்கள். கூடவே இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளாகக் குழு நடத்துவது வீரம் அல்ல.

அடுத்ததுதான் பெரிய தவறு. “அண்ணா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று ஒரு பிள்ளை வரும். உடனே “சத்தியமா சொல்ல மாட்டேன்” என்று கையில் அடித்துக் கொடுத்துவிடுவோம். கொடுக்கவே கூடாது. “உனக்கு ஆபத்து இல்லாத விஷயம்னா என்னோட இருக்கும். ஆபத்துன்னா, உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன். உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். இது வெறும் நல்ல பழக்கம் இல்லை, சட்டமும்கூட. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போலீஸிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். “குடும்ப மானம், நாமளே பேசித் தீர்த்துக்கலாம்” என்று பெரியவர்கள் சமரசத்துக்கு இழுப்பார்கள். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நீங்களே துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அதே வார்த்தைகளில் எழுதி வைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ போலீஸையோ அழையுங்கள்.

இதை ஒட்டியதுதான் தனிமை விஷயம். இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவியோடு, மாணவனோடு தனியாக வாட்ஸ்அப் அரட்டை வேண்டாம். உங்கள் மனசு சுத்தம்தான், ஆனால் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பெற்றோரும் இருக்கும் குரூப்பில் பேசுங்கள். பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டி வந்தால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொருவர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும்.

வெளியே கூட்டிப் போவதில் ஆர்வம்தான் முதல் எதிரி. எடுத்த எடுப்பில் போரிவலி தேசியப் பூங்கா எதற்கு? மாஹிம் நேச்சர் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். லோக்கல் ரயிலில் போவதென்றால், ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (பராமரிப்பு வேலைக்காக ரயில்களை நிறுத்துவது) உண்டா என்று முந்தின நாளே பாருங்கள். ஏற முடியாதவர் அதே பிளாட்ஃபாரத்தில் நிற்க வேண்டும், ஏறிவிட்டவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஜுஹு கடலில் இறங்கக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

சின்னத் தவறுகளும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மராத்தியோ இந்தியோ படிக்கும் பிள்ளையைத் தமிழ் எழுத வராததற்காகக் கேலி செய்வது அதில் ஒன்று. இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளை வராது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது விழா ஒத்திகை வைப்பதும் அப்படித்தான்.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவருக்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை தேவை. திட்ட அலுவலர் ஒப்புக்கொண்டால் இந்த வேலையும் அதில் சேரலாம். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் வருபவர்களைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையான லாபம் வேறு: கோபமான ஓர் அப்பாவிடம் நிதானமாகப் பேசவும், நூறு ரூபாய்க்குக்கூடக் கணக்கு காட்டவும் பழகிவிடுவீர்கள். பேசவே கூசிய ஒரு பெண் மைக் பிடித்துக் கூட்டம் நடத்துவதைப் பார்ப்பீர்கள். அதற்கு நீங்கள் மைக்கை விட வேண்டும், எல்லாவற்றையும் நீங்களே செய்தால் நடக்காது.

விலகும் நாள் வரும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சில வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, அடுத்து வருபவரை அறிமுகப்படுத்துங்கள். பெற்றோர் எண்கள், சம்மதக் கடிதங்கள், கணக்கு நோட்டு மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் போனில் இருக்கும் பிள்ளைகளின் படங்களை அழித்துவிடுங்கள்.